நெஞ்சுத் தகடு

1997 ஜூன் மாதம் தேன்மொழியின் எடை நாற்பத்தாறு கிலோ. அவள் உடம்பில் மாட்டவேண்டிய கருவி, கேமராவும் பேட்டரியும் சேர்த்து, பதினாறு கிலோ. கைப்பிள்ளை ஐந்தரை. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டித் தராசில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துப் பார்த்தவன் அவள் கணவன் முத்துமாலை. கருவியை ஏற்றியபோது மண்டிக்காரர் கேட்டார்:

"என்ன வே இது, ஏரோப்பிளேன் எலும்புக்கூடா?"

"கல்யாணத்துக்குப் படம் புடிக்குத சாமான் அண்ணாச்சி. எம் பொண்டாட்டி நெஞ்சுல மாட்டிக்கிட்டு நடக்கணும்."

"அப்பம் அவளையும்லா சேத்து நிறுக்கணும்."

அவளையும் ஏற்றினார்கள். பிள்ளையை ஏற்றியது விளையாட்டுக்கு.

தேன்மொழி முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு, திருநெல்வேலி ஜங்ஷனில் சிவசண்முகம் நடத்திய ஸ்டூடியோவில் ஆல்பம் ஒட்டும் வேலையில் சேர்ந்தாள். முத்துமாலை அங்கே வேன் டிரைவர். அவன் அக்கா செல்லக்கிளி லைட் பிடிப்பவள். மேலப்பாளையத்து நிக்காஹ் ஒன்றில், பெண்கள் பகுதிக்குள் ஆண் கேமராக்காரனை விடமாட்டோம் என்று வீட்டார் கறாராகச் சொல்லிவிட, சிவசண்முகம் கேமராவைத் தூக்கி, விரலெல்லாம் பசையோடு நின்ற தேன்மொழியின் தோளில் வைத்தார்.

"சிவப்புப் பொத்தான அமுக்கு. ஆடாம நில்லு. போதும்."

அவளுக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் மேலப்பாளையத்திலிருந்து காயல்பட்டினம் வரைக்கும் 'பொம்பள கேமரா' என்றால் அவள் ஒருத்திதான்.

அந்தக் கல்யாணங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பெண்கள் பகுதியில் எடுத்த டேப்பை வெளி ஆண் எவனும் பார்க்கக் கூடாது. டேப் கேமராவிலிருந்து இறங்கியதும் வீட்டுக்காரி கைக்குப் போகும். ஸ்டூடியோவுக்கு வராது. அதனால் வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுச் சேர்ப்பது ஒன்றும் கிடையாது. கேமரா பார்த்தது பார்த்தபடி, கேட்டது கேட்டபடி துபாய்க்கும் ஜித்தாவுக்கும் போகும். லீவு கிடைக்காத வாப்பாமார்கள் மகளின் கல்யாணத்தை அங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள். தேன்மொழி தும்மினால் அந்தத் தும்மலும் கடல் தாண்டும். நடந்தால் படம் குலுங்கும்.

காயல்பட்டினத்து சுபைதா பேகத்தின் கணவர் துபாயில் கடை வைத்திருந்தார். உறவுக்காரப் பெண்ணின் கல்யாண கேசட்டைப் பார்த்துவிட்டு அவர் போனில் சொன்னாராம்: "கல்யாணம் பாத்தேனா, கள்ளத்தோணி ஏறுனேனான்னு தெரியல. வாந்தி வருது." தன் மகள் கல்யாணம் அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்தார். ஊர் திரும்பும் இரண்டு பேரின் பெட்டிகளில் பாகம் பாகமாகப் பிரித்து ஒரு கருவியைக் கொடுத்துவிட்டார். கருவி ஸ்டூடியோவுக்கே. ஒரே நிபந்தனை, மகள் கல்யாணத்தில் பெண்கள் பகுதியை அதை வைத்து எடுக்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும் சிவசண்முகம்தான் முதலில் மாட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் வாய்க்கால் பாசனத்தில் வயல் வைத்திருந்த பிள்ளைமார் வீடு அவருடையது. வயல் போய் ஸ்டூடியோ வந்தது. கூட வந்த கேசட்டில் ஆறடி உயர வெள்ளைக்காரன் ஒருவன் படியேறி, படியிறங்கி, புல்வெளியில் ஓடிக் காட்டினான். சிவசண்முகம் இரண்டு எட்டு வைத்தார். கேமரா அவரை விட்டு விலகி வெளியே ஓடியது. அதைப் பிடிக்க அவர் முன்னால் சாய, அது இன்னும் ஓட, பின்னணித் திரையில் வரைந்திருந்த குற்றால அருவிக்குள் தலையோடு போய் விழுந்தார்.

செல்லக்கிளி லைட்டை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சிக்கு இன்னைக்குக் குளியல் ஆயிட்டு."

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. அவர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு தேன்மொழியைப் பார்த்தார். "கல்யாணம் அடுத்த மாசம். நீ படிச்சிக்கோ. வரலன்னா நாகர்கோவில்ல ஒருத்தி இருக்கா. பி.ஏ. படிச்சவ. அவளக் கூப்பிட்டுக்கிடுதேன்."

கருவிக்கு மூன்று பாகம். முதலாவது உடம்பில் மாட்டும் சட்டை. முதுகில் கம்பி, இடுப்பில் அகலப் பட்டை, தோளில் இரண்டு வார், முன்னால் நெஞ்சை மூடும் ஒரு தகடு. பட்டைகளில் பல் வைத்த பூட்டு இருந்தது. இழுத்தால் ஒவ்வொரு பல்லாகக் கடக் கடக் என்று உள்ளே இறுகும். இரண்டாவது, அந்தச் சட்டையின் வயிற்றுப் பக்கத்திலிருந்து நீளும் ஸ்பிரிங் கை. மூன்றாவது ஒரு கம்பு. அதன் உச்சியில் கேமரா, அடியில் பேட்டரியும் உள்ளங்கை அகல டிவியும், நடுவில் எந்தப் பக்கமும் திரும்பும் ஒரு வளையம். கண்ணைக் கேமராவில் வைக்கக் கூடாது. அந்தச் சின்ன டிவியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

கம்பை நிறுத்துவதே முதல் பாடம். அடிப்பாகம் மேல்பாகத்தைவிட மயிரிழை கனம் கூட இருக்க வேண்டும். அதிகமானால் ஊசல் மாதிரி ஆடும். குறைந்தால் கேமரா தலைகுப்புறக் கவிழும். கம்பைப் படுக்கைவாட்டில் பிடித்து விட்டுவிட்டால், பைய, இரண்டு மூச்சு நேரத்தில் தானாக நிமிர வேண்டும். கேசட்டில் வெள்ளைக்காரன் வைத்திருந்தது வேறு கேமரா. இங்கே இருந்த தோள் கேமராவுக்குப் பின்பாகம் கனம். தேன்மொழி சைக்கிள் கடையிலிருந்து இரும்பு வாஷர்கள் வாங்கி, ஒவ்வொன்றாக அடியில் ஒட்டி, எடுத்து, மறுபடி ஒட்டினாள். கேமராவை வைக்கும் பலகையை நூல் அளவு முன்னும் பின்னும் தள்ளினாள். ஒரு சாயங்காலம் கம்பு படுத்த இடத்திலிருந்து எழுந்து, யாரோ கூப்பிட்ட மாதிரி, நின்றது. அவள் திரும்பத் திரும்பப் படுக்கவைத்துப் பார்த்தாள்.

நடப்பதற்கு ஆற்றங்கரைக்குப் போனார்கள். குறுக்குத்துறையில் துணி துவைக்கிற கூட்டத்துக்கு நல்ல வேடிக்கை.

"ஏளா, வயித்துல இருந்து கை மொளச்சி நிக்கியே, இது எத்தனாவது மாசம்?" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஒம் புருஷன்கிட்டக் கேளு, அவன்தான் கணக்கு வச்சிருக்கான்" என்று செல்லக்கிளி திருப்பிக் கொடுத்தாள். 

குடம் தூக்கி நடந்த பழக்கம் இதற்கு உதவவில்லை, கெடுத்தது. குடத்துக்கு இடுப்பு அசைய வேண்டும். இதற்கு இடுப்பு அசைந்தால் அடிவானம் சாயும். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, பாதத்தைத் தரையில் உருட்டி வைத்து, உடம்பைப் பின்னால் ஒரு துளி சாய்த்துக்கொண்டு போக வேண்டும். கம்பை விரல் நுனியால்தான் தொட வேண்டும். கெட்டியாகப் பிடித்தால் நாடித்துடிப்புகூடப் படத்தில் தெரியும். படித்துறை மணலில் அவள் நடந்து எடுத்த முதல் நல்ல படத்தில் ஆறு கண்ணாடி மாதிரி நகர்ந்தது. செல்லக்கிளி அந்தச் சின்ன டிவியில் அதைப் பார்த்துவிட்டு, "நாம செத்து ஆவியாப் போனா இப்பிடித்தாம்ட்டி பாப்போம்" என்றாள்.

தேன்மொழி குனிந்து பார்த்தாள். தகட்டுக்கு அடியில் ரவிக்கை நனைந்திருந்தது.

பிள்ளைக்கு அப்போது நான்காவது மாதம். பெண், பெயர் இசக்கி. ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் கழுவுகிற இருட்டறையில் பழைய சேலையில் தொட்டில் கட்டிப் போட்டிருந்தார்கள். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் தூங்கி சிவப்பு பல்பு வெளிச்சத்தில் விழிக்கும் பிள்ளை. அதற்கு முன்னால் தேன்மொழிக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. அந்தத் தடவை பால் ஊறவில்லை. டப்பா மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். தண்ணீரைக் காய்ச்சினார்களா, யார் காய்ச்சினார்கள், அன்றைக்குக் காய்ச்சாமல் விட்டது யார் என்று வீட்டில் அப்புறம் ரொம்ப நாள் சண்டை நடந்தது. பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, மறுநாள் வெறுங்கையோடு வந்தார்கள். புட்டியைத் தேன்மொழி கல்லில் வைத்து உடைத்தாள். இசக்கி பிறந்து பால் சுரந்த அன்று அவள் சொன்னது ஒன்றுதான்: இது எழுந்து நடக்கிற மட்டும் என் பால்தான்.

அந்தப் பாலுக்கு மேல்தான் இப்போது தகடு உட்கார்ந்தது. பதினாறு கிலோவில் பாதி இடுப்பில் இறங்கும், பாதி நெஞ்சில் ஏறும். ஆறடி வெள்ளைக்காரனின் தட்டை நெஞ்சுக்கு அடித்த தகடு. ஒரு மணி நேரம் நடந்து கழற்றினால் இரண்டு பக்கமும் சிவந்து, பால் கட்டி, தொட்டால் உயிர் போகும். மேல் பட்டையில் ஒரு பல் தளர்த்தினால் வலி குறையும். ஆனால் தகடு நெஞ்சை விட்டு எழும்பும், ஸ்பிரிங் கை முன்னால் தொங்கும், படம் தொட்டில் மாதிரி ஆடும். இறுக்கினால் படம் நிற்கும். நடுவில் வேறு பல் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இடுப்புப் பெல்ட்டும் ஊன்றுகோலும் செய்து விற்கும் பிச்சைக்கண்ணுவிடம் சட்டையைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு எடத்துல வட்டமா அறுத்து, ஓரத்துல ரப்பர் குடுத்தாச் சரியாப் போவும். அரை நாள் வேல. ஒங்க மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாம்மா."

கேட்டாள். சிவசண்முகம் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"நீ எத்தன நாளைக்குப் பால் குடுப்ப?"

"ஒரு வருசம் அண்ணாச்சி. கூடிப்போனா ஒன்னர."

"சாமான் பத்து வருசம் ஓடும். ஒன்னர வருசத்துக்கு வேண்டி பத்து வருசச் சாமான்ல ஓட்ட போடச் சொல்லுத."

"ஆம்பள யாரும் போடப் போறதில்லயே அண்ணாச்சி. உள்ள நாந்தான போவணும்."

"நாளைக்கு நான் வெளிய ஆம்பள பக்கம் எடுக்கணும்னா? ஓட்டச் சட்டயப் போட்டுக்கிட்டு மாப்பிள வீட்டுக்காரன் முன்னால நிக்கட்டுமா?" லென்ஸில் ஒரு ஊது ஊதினார். "அப்புறம் இன்னொண்ணு. உள்ள ஸ்பாஞ்சு புளிச்ச நாத்தம் அடிக்கி. கழுவு. வயர்ல ஈரம் பட்டா டிவி போயிரும்."

அன்றிலிருந்து அவள் தகட்டுக்கும் ரவிக்கைக்கும் நடுவில் மடித்த துண்டு வைத்துக்கொண்டாள். பயிற்சிக்கு நடுவில் சட்டையைக் கழற்றி, இருட்டறைக்குள் போய்ப் பால் கொடுத்துவிட்டு, மறுபடி மாட்டினாள். மாட்டிக் கழற்ற ஆகிற நேரத்தைப் பார்த்து சிவசண்முகம் உச்சுக்கொட்டினார். பிள்ளை முதலில் பத்து இழுப்பில் குடித்ததை இப்போது இழுத்து இழுத்து, பாதியில் அழுதது. பால் இறங்க மறுத்தது.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் முத்துமாலை கையில் வாழையிலைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். அவிழ்த்தால் மல்லிகை. நெருக்கிக் கட்டிய நல்ல பூ. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் பூ வாங்கி வந்தது கிடையாது. தேன்மொழி அப்போதுதான் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பை வைத்துவிட்டு, பின்னலில் வைக்க வாகாகத் தலையைக் குனிந்து காட்டினாள்.

"தலைக்கு இல்லட்டி" என்றான் அவன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. பால் வற்ற வேண்டும் என்றால் மல்லிகையை மாரில் வைத்துக் கட்டுவார்கள். பிள்ளை தவறிப்போன வீடுகளில் அப்படிக் கட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். தனக்குக் கட்டவேண்டி வந்ததில்லை. முதல் பிள்ளைக்குத்தான் பாலே இல்லையே.

"யாரு சொன்னா? மைனியா?"

"அக்காதான் சொன்னா. அண்ணாச்சியும் அதத்தான் சொன்னாரு. மூணு நாள் கட்டுனா வத்திரும், வலி விட்டுப் போவும்னாங்க. ஒனக்கு வேண்டித்தான சொல்லுதோம்."

"பிள்ள எத்தக் குடிக்கும்?"

"இப்பம் நல்ல நல்ல டப்பாலாம் வருதுட்டி."

"மொதப் பிள்ளைக்கும் நல்ல டப்பாதான் வாங்குன."

முத்துமாலை வெளியே போய் வேனைக் கழுவ ஆரம்பித்தான். அவள் பூவை எடுத்துச் சுவரில் இசக்கியம்மன் காலண்டருக்கு மாட்டினாள். வீடெல்லாம் மணத்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பிள்ளை கால் வாசிதான் குடித்தது.

கல்யாணத்துக்கு முதல் நாளே காயல்பட்டினம் போனார்கள். அந்த ஊரில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற சந்துகள் உண்டு. முடுக்கு என்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தெருவுக்கு வராமலே முடுக்கு வழியாக நடந்து, பெண் வீட்டுக் கொல்லை வாசலில் ஏறி, அடுக்களை தாண்டி, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணைப் பார்க்க வருவார்கள். சுபைதா பேகத்தின் கணவருக்கு வேண்டியது அந்த வரவுதான். அங்கே புறப்படுவதிலிருந்து இங்கே பெண்ணின் முகம் வரைக்கும், எங்கேயும் நிறுத்தாமல், தானே கூட நடந்து வந்த மாதிரி.

சுபைதா பேகம் தாம்பூலத் தட்டோடு வந்து தேன்மொழியைத் தடவிப் பார்த்தாள். "இந்த ஒடம்ப வச்சிக்கிட்டா இத்தனையும் தூக்குற? அவுஹ எத்தன ஆசையா அனுப்பி வச்சாஹ தெரியுமா. நிறுத்திப் போட்டுராத பிள்ளே. அறுத்து அறுத்து எடுத்தா அவுஹளுக்குப் பிடிக்காது."

மறுநாள் மதியம் ஒத்திகை பார்த்தார்கள். தேன்மொழி முன்னால் நடக்க வேண்டும். அவள் முகம் போகிற வழியைப் பார்க்கும், கேமரா மட்டும் திரும்பிப் பின்னால் வருகிற பெண்களைப் பார்க்கும். முடுக்கில் இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருத்தி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவு அகலம்தான். செல்லக்கிளி அவளுக்கு முன்னால் போய், இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, "படி... இங்கன வளைவு... பைய" என்று காற்றாகச் சொல்லிக்கொண்டே வழிநடத்தினாள். நன்றாக வந்தது. டேப்பை ஓடவிட்டுப் பார்த்தார்கள். முடுக்கின் கடைசி வளைவில் ஒரு பிள்ளையின் அழுகை கேட்டது.

முடுக்கு தெருவில் முட்டுகிற இடத்தில் ஸ்டூடியோ வேன் நின்றிருந்தது. உள்ளே முத்துமாலை மடியில் இசக்கி.

"அது யாரு பிள்ள அழுவுறது?" என்றாள் சுபைதா பேகம்.

"எம் பிள்ளதாம்மா. பசிச்சிருக்கும். ஒரு எட்டுப் போயிக் குடுத்துட்டு வந்துருதேன்."

"அஸர் தொழுகை முடிஞ்சதும் மாப்பிள வீட்டுப் பொம்பளைங்க பொறப்பட்டுருவாஹளே. நீ கழத்தி மாட்டுறதுக்குள்ள வாசல்ல நிப்பாஹ." நிஜமாகவே வருத்தப்பட்டாள். "பாவம், பச்சப் பிள்ள. வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லு. கடக்கரைப் பக்கம் காத்து நல்லா வரும்."

செல்லக்கிளி போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வேன் கிளம்புகிற சத்தம் தேன்மொழிக்குக் கேட்டது. அவள் மேல் பட்டையைப் பார்த்தாள். ஒத்திகையின்போது ஒரு பல் தளர்த்தியிருந்தாள். படத்தில் ஒரு இடத்தில் சுவர் லேசாக ஆடியதையும் பார்த்திருந்தாள். இழுத்தாள். கடக் என்று ஒரு பல் உள்ளே போனது. இன்னொன்றும் இழுத்தாள்.

தொழுகை முடிந்து பெண்கள் புறப்பட்டார்கள். பட்டுச் சேலைகள், முந்தானை மூடிய தலைகள், கைகளில் துணி மூடிய தட்டுகள். தேன்மொழி சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். முடுக்கின் வெள்ளைச் சுவர்கள் இரண்டு பக்கமும் படத்தில் வழுக்கிக்கொண்டு போயின. கொல்லை வாசல் படி மூன்றையும் அவள் ஏறியது படத்தில் தெரியவே இல்லை. வாசல் மட்டும் தானாக இறங்கி வந்து எல்லோரையும் விழுங்கியது. அடுக்களையில் பிரியாணி அண்டாவின் ஆவிக்குள் புகுந்து வெளியே வந்தாள். செல்லக்கிளி பட்டையை விட்டுவிட்டு லைட்டைப் போட்டாள். கூடம் நிறையப் பெண்கள். கேமரா திரும்பி, கூட்டத்தைத் தாண்டி, மணப்பெண்ணை நோக்கிப் பைய நகர்ந்தது.

அப்போது கூடத்தின் மூலையில் ஒரு பிள்ளை அழுதது. மணப்பெண்ணின் அக்கா பிள்ளை, ஐந்தாறு மாதம் இருக்கும். அக்காக்காரி முந்தானைக்குள் வாங்கி அணைத்தாள். அழுகை உடனே நின்றது. சப்புகிற சத்தம் லேசாகக் கேட்டது.

தேன்மொழிக்கு மாரில் ஊசி ஊசியாக இறங்கியது. பால் பொத்துக்கொண்டு வந்தது, வெளியே வர வழி இல்லை. தகடு மறித்தது. துண்டு நனைந்து, ரவிக்கை நனைந்து, தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து வயிற்றில் சூடாக வழிந்தது. சின்ன டிவியில் மணப்பெண்ணின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் மூச்சை அடக்கினாள். விரல் நுனி இரண்டும் கம்பில் பட்டும் படாமலும் இருந்தன. மாமியார்க்காரி முக்காட்டை விலக்கி, முகத்தைத் தொட்டு முத்தமிட்டாள். கேமரா அந்தக் கைக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் நட்ட மாதிரி நின்றது.

"மாஷா அல்லாஹ்" என்று யாரோ சொன்னார்கள். அவள் பொத்தானை அமுக்கினாள்.

உடனே அங்கேயே டிவியில் போட்டுப் பார்த்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். தாங்கள் நடந்த முடுக்கை அதற்கு முன்னால் பார்த்தே இராதவர்கள் மாதிரி பார்த்தார்கள். தேன்மொழியும் சட்டையோடு நின்று பார்த்தாள். ஒரு இடத்திலும் ஆடவில்லை. மூலையில் அழுகை வந்தபோது அவள் சுபைதா பேகத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு பிள்ள அழுதிருச்சே அம்மா. மறுபடி எடுக்கணுமோ?"

"அது எங்க பேத்தில்லா, அது அழுதா என்ன?" என்று சிரித்தாள் சுபைதா பேகம். "அவுஹ இன்னும் இவளப் பாக்கவே இல்ல. சத்தத்தக் கேட்டாலே குளுந்து போயிருவாஹ." பிறகு தேன்மொழியின் நனைந்த வயிற்றைப் பார்த்தாள். வேர்வை என்று நினைத்து விசிறியை எடுத்துக் கொடுத்தாள். "இப்பம் அவங்க திரும்பிப் போறதையும் அதே மாதிரி எடுத்துரு பிள்ளே. கழத்திப் போட்டுராத."

பொழுதடைந்து மக்ரிபுக்கு பாங்கு சொன்ன பிறகுதான் கழற்றினாள். கடற்கரையில் வேனைத் தேடிப் போனபோது, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சப்பியபடி பிள்ளை தூங்கியிருந்தது. எழுப்பி மாரில் வைத்தாள். மார் கல்லாகியிருந்தது. பிள்ளை வாய் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. ஊர் திரும்பும் வழியெல்லாம் தேன்மொழிக்குக் குளிர் நடுக்கியது. முத்துமாலை கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

"படம் நல்லா வந்துதாட்டி?"

"நல்லா வந்துச்சு."

இரண்டு நாளில் இடது பக்கம் பழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். டாக்டரம்மா திட்டினாள்: "வலது பக்கம் குடுத்துக்கிட்டே இரு. விட்டுராத. இடதும் ஆறின பிறகு வந்துரும். ஒரு மாசம் அந்த இரும்பத் தொடக் கூடாது."

அந்த ஒரு மாதத்தைக் கேட்கத்தான் அவள் ஸ்டூடியோவுக்குப் போனாள். சிவசண்முகம் அந்தக் கேசட்டைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. ஆனால் காயல்பட்டினத்திலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆண்களுக்குத் தங்கள் வீட்டுப் பெண்கள் சொன்னது மட்டும் தெரியும். முடுக்கில் ஆளே இல்லாமல் கேமரா நடந்ததாம் என்றார்கள்.

அன்றைக்கு சிவசண்முகம் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"தாராளமா எடுத்துக்க. ஒரு மாசம் என்ன, ரெண்டு மாசம் இரு. ஒடம்புதான முக்கியம். வார வெள்ளிக்கிழம மேலப்பாளையம். நாகர்கோவில்காரிக்குச் சொல்லிவிட்டுருக்கேன். நாளைக்கு வாரா. நீ கிட்ட இருந்து மாட்டிவிட்டு, கம்ப எப்பிடி நிறுத்துததுன்னு மட்டும் காமிச்சிரு."

தேன்மொழி மேசை மேல் கிடந்த கம்பைப் பார்த்தாள். அடியில் அவள் ஒட்டிய வாஷர்கள் இருந்தன. டீயைக் குடிக்கவில்லை. இருட்டறைக்குப் போய், தொட்டிலில் கிடந்த பிள்ளையை எடுத்து, வலது பக்கம் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது செல்லக்கிளி லைட் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவள வரவேண்டாம்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்க மைனி. வெள்ளிக்கிழம நானே போறேன்."

"பாலு?"

தேன்மொழி வாசலுக்குப் போனாள். முத்துமாலை வேனின் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். பூ வாங்கிவரச் சொன்னாள்.

"தலைக்கா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, வேகமாக எழுந்து போனான். அவன் நான்கு முழம் வாங்கிவந்தான். செல்லக்கிளிதான் கட்டிவிட்டாள். புண்ணில் படாமல் இடது பக்கம் ஒதுக்கி, வலது பக்கம் நெருக்கிச் சுற்றி, மேலே துணி வைத்து இறுக்கினாள். பூ வாடியதும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டினாள். ஸ்டூடியோவுக்குப் படமெடுக்க வந்தவர்கள் என்ன விசேஷம், இப்படி மணக்கிறது என்று கேட்டார்கள். பிள்ளை அந்த வாசனைக்கு அம்மாவின் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பித் தேடியது. செல்லக்கிளி தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாள்.

வியாழக்கிழமை மதியம் தேன்மொழி ஸ்டூடியோ மாடியில் சட்டையை மாட்டிப் பார்த்தாள். புண்ணுக்கு மேல் பஞ்சு வைத்திருந்தாள். மேல் பட்டையை இழுத்தாள். முன்பு நின்ற இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு பல் உள்ளே போனது. தகடு பலகையில் வைத்த பலகை மாதிரி உட்கார்ந்தது. கம்பைப் படுக்கவைத்து விட்டாள். அது பைய எழுந்து நின்றது. மாடியை ஒரு சுற்று நடந்தாள். சின்ன டிவியில் பாலமும் ஆறும் அசையாமல் நகர்ந்தன.

கீழே பிள்ளை விழித்துக்கொண்டது. செல்லக்கிளி புதுப் புட்டியில் மாவைப் போட்டாள். ஸ்டூடியோவில் அடுப்பு கிடையாது. இருட்டறையில் படம் கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு குழாய் இருந்தது. அதைத் திறந்து புட்டியை நிரப்பினாள்.